தட்டில் கைவைக்கும் முன் வட்டியில் கைவைப்போம்

கடனில் இருக்கும் குடும்பத்துக்குச் சொல்ல எல்லோரிடமும் ஓர் அறிவுரை இருக்கிறது. வெளியில் டீ குடிப்பதை நிறுத்து. வாராவாரம் கறி எதற்கு? பால் அரை லிட்டர் போதும். காய்கறியைச் சந்தை கலைகிற நேரத்தில் போய் வாங்கு. சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். கேட்பவர்களும் செய்துதான் பார்க்கிறார்கள். ஆறு மாதம் கழித்து அதே வீட்டுக்குப் போனால் சாப்பாடு குறைந்திருக்கும், பேச்சு குறைந்திருக்கும், கடன் குறைந்திருக்காது.

செலவைக் குறைக்காமல் கடனிலிருந்து வெளியே வர முடியாது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எதை முதலில் குறைப்பது என்பதில் நம் வீடுகள் தவறான வரிசையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. முதலில் வெட்ட வேண்டியது வட்டியை. அடுத்தது ஊர் வாய்க்குப் பயந்து செய்யும் செலவுகளை. சோற்றிலும் மருந்திலும் கைவைப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. நடைமுறையில் இது தலைகீழாக நடக்கிறது. அதற்கான விலையைத் தன் உடம்பில் கொடுப்பவர் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்.

ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகும் கணவனும் மனைவியும், படிக்கிற இரண்டு பிள்ளைகளும். கணவர் டெய்லர், மனைவி செக்கிங். சனிக்கிழமை கைக்கு வரும் சம்பளம் இருவருக்கும் சேர்த்து 6,000 ரூபாய். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கம்பெனி அடைத்துக் கிடக்கும் நாள்களைக் கழித்து ஆண்டுக்கு 50 வாரம் என்று வைத்தால் 3 லட்சம் ரூபாய். மாதச் சராசரி 25,000. லைன் வீட்டு வாடகை 5,000 போக மிச்சம் 20,000.

இனி கடன் பக்கம். இரண்டு குழுக் கடன்களுக்கு டியூ 2,650-ம் 2,100-ம். வண்டிக்கு 2,900. தவணையில் எடுத்த பிரிட்ஜுக்கும் போனுக்கும் 1,800. தெரிந்தவர் ஒருவரிடம் மூன்று வட்டிக்கு வாங்கிய 50,000 ரூபாய்க்கு மாதம் 1,500. வங்கியில் 3 சவரனை வைத்து வாங்கிய ஒரு லட்சத்துக்கு ஆண்டு வட்டி 10 சதவீதம் என்றால் மாதத்துக்கு 830 ஆகிறது. கூட்டினால் 11,780 ரூபாய். நான்கு பேரின் சாப்பாடு, பால், கேஸ், பஸ், ரீசார்ஜ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மொய் எல்லாவற்றுக்கும் எஞ்சுவது 8,220.

நம் அறிவுரைகள் அத்தனையும் இந்த 8,220-ஐத்தான் குறிவைக்கின்றன. சாப்பாட்டுக்குப் போகும் 5,000 ரூபாயில் பத்தில் ஒரு பங்கை வெட்டினால் மிஞ்சுவது 500. அதற்காக ஒரு மாதம் முழுக்க நான்கு பேர் வாயைக் கட்ட வேண்டும். அந்தப் பக்கம் நிற்கும் 11,780-ஐ யாரும் தொடுவதில்லை. அது விதிக்கப்பட்டதுபோல் அப்படியே இருக்கிறது.

அதில் மூன்று வட்டிக் கடனை மட்டும் எடுத்துக்கொள்வோம். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்று சொல்லும்போது சின்னத் தொகையாகத்தான் தெரியும். ஆண்டுக்கு 36 சதவீதம். மூன்று ஆண்டுகள் வட்டியை மட்டும் ஒழுங்காகக் கட்டினால் 54,000 ரூபாய் கைமாறியிருக்கும்; அசல் 50,000 அப்படியே நிற்கும். இதே குடும்பம் மாதம் 2,000 ரூபாய் கூடுதலாக ஒதுக்கி, வட்டியோடு சேர்த்து 3,500 கட்டினால் 19 மாதங்களில் கடன் தீரும்; வட்டியாகப் போவது சுமார் 16,000. அந்தக் கடனை 10 சதவீத நகைக் கடனுக்கு மாற்றிவிட்டு அதே 3,500-ஐக் கட்டினால் 16-ஆவது மாதம் முடிந்துவிடும். வட்டி 3,500-ஐ ஒட்டித்தான். இரண்டுக்கும் இடையே 12,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். யாருடைய தட்டிலிருந்தும் ஒரு பருக்கைகூட எடுக்காமல் கிடைக்கும் பணம் இது.

மாற்றுவது எப்படி? அந்த 3 சவரனை 2023-இல் வைத்திருப்பார்கள். அப்போது சவரன் 45,000 ரூபாயை ஒட்டி இருந்தது; மதிப்பில் 75 சதவீதம் என்ற வரம்புப்படி ஒரு லட்சம் கிடைத்தது. 2025 அக்டோபரில் சவரன் 90,000-ஐத் தாண்டிவிட்டது. அதே நகையை மீட்டு மறு அடகு வைத்தால் கூடுதலாக 50,000 தாராளமாகக் கிடைக்கும். அதை வாங்கிக்கொண்டு நேராகப் போய் மூன்று வட்டிக் கடனை அடைத்துவிட்டால் மாத வட்டி 1,500-லிருந்து 417 ஆகிவிடும். வங்கி வாசலில் நிற்கும்போதே ஒரு குரல் கேட்கும்: "இவ்வளவு கிடைக்குதே, அந்தக் காதுகுத்தையும் முடிச்சிடலாமே!" தங்கம் ஏறியதால் கிடைத்த இந்தச் சந்தர்ப்பத்தைத் தமிழகத்தில் எத்தனையோ குடும்பங்கள் புதுக் கடனாக்கிக்கொண்டுவிட்டன. மறு அடகு வைக்கும் பணத்தில் ஒரு ரூபாய்கூட வீட்டுக்குள் வரக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை வட்டியைக் கட்டித் திருப்பி வைக்காவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும் என்பதையும் காலண்டரில் எழுதி வைக்க வேண்டும்.

இவ்வளவு எளிதான கணக்கு ஏன் வீடுகளில் நடப்பதில்லை? சத்தம் போடுகிற கடனை முதலில் கட்டுகிறோம். சத்தமில்லாமல் தின்கிற கடனைக் கடைசியில் வைக்கிறோம். குழுக் கடனுக்கு ஒருவர் டியூ கட்டவில்லை என்றால் மற்ற பெண்கள் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களும் பாவம், கூட்டுப் பொறுப்பில் கையெழுத்துப் போட்டவர்கள். இவர் கட்டாததை அவர்கள் கட்ட வேண்டும். தெரு பார்க்கும். அதனால் குழு டியூவுக்காக அக்கம்பக்கத்தில் கைமாற்று வாங்குவார்கள், கைமாற்றை அடைக்கத் தண்டல் எடுப்பார்கள். தண்டல்காரர் 10,000 என்று எழுதி 9,000 கொடுப்பார். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் அந்த 9,000 முழுதாக நூறு நாளும் கையில் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே கரைகிறது. சராசரியாகப் பாதித் தொகைதான் நம் கையில் இருக்கிறது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 80 சதவீத வட்டி. 24 சதவீதக் கடனைக் கட்ட 80 சதவீதக் கடனை வாங்குகிறோம். அந்த ஒரு சாயங்காலத்தின் அவமானத்துக்குக் கொடுக்கும் விலை அது.

தவணையில் வாங்கும் பொருள்களிலும் இதே கண்கட்டு உண்டு. ஒரு லட்சத்துக்கு 12 சதவீத வட்டி, 24 மாதம், தவணை 5,167 ரூபாய் என்பார்கள். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டியைக் கடைசி மாதம்வரை முழு ஒரு லட்சத்துக்கே போட்டிருப்பார்கள். குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது 21.6 சதவீதம். 2024 அக்டோபர் முதல், தனிநபர் கடன் கொடுக்கும் வங்கியும் நிதி நிறுவனமும் எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டியை ஒரு தகவல் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் இருக்கும் எல்லாக் கடன்களின் வட்டியையும் ஆண்டுச் சதவீதமாக ஒரே காகிதத்தில் எழுதிவைத்தால் பாதி குழப்பம் அங்கேயே தெளியும். அதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து எழுத வேண்டும். கணவருக்குத் தெரியாத குழுக் கடனும் மனைவிக்குத் தெரியாத கைமாற்றும் இருக்கிற வீட்டில் எந்தச் சிக்கனமும் பலிக்காது.

சிக்கனத்தை உடம்பில் சுமப்பவர்களைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். வீட்டில் செலவைக் குறைப்பது என்று முடிவானதும் கணவரின் டீயும் பிள்ளைகளின் முட்டையும் கொஞ்ச நாளாவது தப்பிக்கும். முதலில் நிற்பது அம்மாவின் காலைச் சாப்பாடு. குழம்பில் கிடக்கும் துண்டு அவர் தட்டுக்கு வராது. சர்க்கரை மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவார், யாரிடமும் சொல்லமாட்டார். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஏற்கெனவே ரத்தமில்லாமல் இருக்கும்போது 'சாப்பாட்டில் சிக்கனம் பிடியுங்கள்' என்று பொதுவாகச் சொல்வது யாரைப் போய்ச் சேரும் என்று யோசித்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். ஒரு முறை ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் இரண்டு வருஷச் சேமிப்பு போய்விடும் என்பது அதற்குப் பிறகு வரும் வாதம். அந்த வாதம் இல்லாவிட்டாலும் இது அநியாயம்.

அப்படியென்றால் அன்றாடச் செலவில் குறைக்க எதுவுமே இல்லையா? இருக்கிறது.

வீட்டு நுகர்வுச் செலவு பற்றிய மத்திய அரசின் 2023-24 ஆய்வில், உணவுக்காகச் செலவாகும் பணத்தில் மிகப் பெரிய பங்கு அரிசிக்கும் போகவில்லை, பாலுக்கும் போகவில்லை. பானங்கள், தின்பண்டங்கள், வெளியில் வாங்கும் சமைத்த உணவு ஆகியவற்றுக்குத்தான் போகிறது. நகரங்களில் மொத்தச் செலவில் 11 சதவீதம். இதைப் பார்த்துவிட்டு 'வாய் ருசிக்கு அடிமையாகிவிட்டார்கள்' என்று தீர்ப்புச் சொல்வது எளிது. திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர் காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருகிறார். அவர் மனைவியும் அதே கம்பெனியிலிருந்து அதே நேரத்துக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். வழியில் நாலு பரோட்டா பார்சல் கட்டுவது அசதியால் வரும் செலவு. அதைக் குறைக்க வேண்டும் என்றால் வீட்டு வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாவாட்டி வைப்பதும், இரவு தோசை சுடுவதும் ஆணுக்கும் தெரிந்த வேலையாக இருந்தால் மாதம் ஆயிரம் ரூபாய் நிற்கும். ஷிப்டுக்கு நடுவே குடிக்கிற டீயை விட்டுவிடுங்கள். பன்னிரண்டு மணி நேரம் மிஷினில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பத்து நிமிஷம் வேண்டும்.

குடியைப் பற்றி எழுதாமல் விட்டால் இந்தக் கணக்கு பொய்யாகிவிடும். டாஸ்மாக்கில் சாதாரண ரகக் குவாட்டரே 140 ரூபாயை எட்டிவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால்கூட மாதம் 2,100. மேலே சொன்ன கடனை 16 மாதங்களில் முடிக்க ஒதுக்கச் சொன்ன 2,000 ரூபாய் இங்கேயே இருக்கிறது. இதை நிறுத்த அறிவுரை மட்டும் போதாது, மருத்துவமும் துணையும் வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. கூட்டிப் போக ஒருவர் வேண்டும்.

அரசு கொடுப்பதை முழுசாக வாங்கிப் பயன்படுத்துவதும் சிக்கனம்தான். ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். கடையில் அந்தப் பருப்பு 100 ரூபாய்க்கு மேல். ரேஷன் அரிசி சாப்பாட்டுக்குச் சரிப்படவில்லை என்றால் இட்லி மாவுக்குப் போகட்டும். நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் வந்தது. அதனால் பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக்குழு கணக்கிட்டிருக்கிறது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டுக்கே வருகிறது. மின்சாரத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டினால் இரண்டாவது நூறுக்கான சலுகையும் போய்விடும் என்பதால் 490-க்கும் 510-க்கும் இடையே பில்லில் பெரிய வித்தியாசம் வரும். மீட்டரை இடையில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. மனைவிக்கு மாதம் வரும் 1,000 ரூபாய் உரிமைத்தொகையைக் குழு டியூவுக்கென்றே ஒதுக்கிவிடுகிற வீடுகள் நிறைய. அதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பணம் அவர் கையில் இருக்கட்டும். அவருடைய சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் அதுவாவது இருக்கட்டும்.

மொய்யும் செய்முறையும் அடுத்து. இது அன்றாடச் செலவு இல்லை என்று சிலர் நினைக்கலாம். ஆவணியும் தையும் வந்தால் வாரம் இரண்டு பத்திரிகை வரும் வீட்டில் இது அன்றாடச் செலவுதான். பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்தில் ஆடி மாத மொய்விருந்துகளில் வசூலாகும் பணம் தொழில் தொடங்கவும் கடன் அடைக்கவும் உதவியிருக்கிறது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் மொய் நோட்டில் எழுதப்படும் ஒவ்வொரு வரியும் தேதி போடாத கடன். நமக்கு 1,000 செய்தவருக்கு 1,500 செய்தாக வேண்டும். ஆகவே மொய் கொடுப்பதை நிறுத்து என்று யாரிடமும் சொல்ல முடியாது; அது வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டாததற்குச் சமம். நிறுத்தக்கூடியது வட்டிக்கு வாங்கி நடத்தும் விசேஷத்தை. மண்டபம், பேனர், டிரோன் கேமரா என்று இரண்டு லட்சம் செலவழித்துக் காதுகுத்து வைத்து, மொய்யில் ஒன்றரை லட்சம் வந்தது என்று கணக்குப் பார்ப்பவர்கள், அந்த ஒன்றரை லட்சத்தையும் திருப்பிச் செய்ய வேண்டிய கடனாக எழுதிக்கொள்வதில்லை. கடன் தீரும்வரை குலதெய்வக் கோயிலில் பத்துப் பேரோடு மொட்டையடித்துக் காது குத்தினால் எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது. மாமன்காரர்தான் கோபித்துக்கொள்வார். அவரிடம் நிலைமையைச் சொல்ல வேண்டியதுதான்.

பள்ளிக் கட்டணம் இன்னும் கடினமான பேச்சு. இரண்டு பிள்ளைகளைத் தனியார் மெட்ரிக் பள்ளியில் படிக்க வைக்க ஆண்டுக்கு 60,000, 70,000 என்று கடன் வாங்கிக் கட்டும் குடும்பங்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்த பிறகு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் நல்ல அரசுப் பள்ளி இருந்தால், பத்து வருஷம் டீ குடிக்காமல் சேர்ப்பதைவிட அதிகப் பணத்தை அந்த ஒரு முடிவு மிச்சப்படுத்தும். இல்லாத ஊரில் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

மிச்சம் பிடித்த பணம் கடனுக்குப் போய்ச் சேருவது தனிப் பாடு. வட்டிக்காரர்களில் பலர் அசலைப் பிரித்து வாங்கமாட்டார்கள். மொத்தமாகக் கொண்டுவா, அதுவரை வட்டியைக் கொடு என்பார்கள். மாதம் 2,000 மிச்சம் பிடித்தாலும் அதை எங்கே வைப்பது? வீட்டில் இருந்தால் செலவாகிவிடும். அதற்குத்தான் நம் பெண்கள் அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் சிறுவாடு சேர்த்தார்கள். 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது பல வீடுகளில் அந்தப் பணம் வெளியே வந்தது. யாருக்கும் தெரியாமல் சேர்த்ததைக் கணவர் கையில் கொடுத்து மாற்றித்தரச் சொல்ல வேண்டியதாயிற்று. அதன் பிறகு பலருக்குச் சேர்க்கும் பழக்கமே விட்டுப்போனது. இன்றைக்கு அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் 100 ரூபாயிலிருந்தே போடலாம். சீட்டுப் போடுவதென்றால் 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த இடத்தில் மட்டும் போடுங்கள். தெரிந்தவர் நடத்துகிற தீபாவளிச் சீட்டு எத்தனை பேரைத் தெருவில் நிறுத்தியிருக்கிறது என்று ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கதை இருக்கிறது.

வாரச் சம்பளக்காரர்களுக்கு மட்டும் ஒரு வசதி உண்டு. பலர் அதைக் கவனிப்பதில்லை. வாடகையும் வண்டி டியூவும் மாதத்துக்கு ஒருமுறை. சனிக்கிழமை மட்டும் ஆண்டில் நான்கு மாதங்களிலாவது ஐந்து வரும். அந்த ஐந்தாவது சனிக்கிழமைச் சம்பளத்துக்குக் காத்திருக்கும் தவணை எதுவும் இல்லை. வார வீட்டுச் செலவு போக மிச்சத்தை அன்றே அசலுக்கு ஒதுக்கினால் ஆண்டுக்கு ஒரு நல்ல தொகை ஒரு கடனிலிருந்து கழியும். போனஸையும் இதே கணக்கில் வையுங்கள். பிள்ளைகளுக்குத் துணி எடுத்தது போக.

இவ்வளவையும் செய்தாலும் தப்ப முடியாத குடும்பங்கள் இருக்கின்றன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 சதவீத வரி போட்டபோது திருப்பூரில் ஆர்டர் குறைந்தது. ஆர்டர் குறைந்தால் முதலில் போவது ஒன்றரை ஷிப்ட். 6,000 வந்த இடத்தில் 4,500 வந்தால் டியூ குறையாது. அந்த வாரங்களில் எந்தக் குடும்பமும் சிக்கனத்தால் பிழைக்க முடியாது. இன்னொரு கடனால்தான் பிழைத்திருக்கும். ஆகவே குடும்பத்துக்கு மட்டும் பாடம் எடுத்துவிட்டுக் கடன் கொடுப்பவர்களையும் அரசையும் விட்டுவிட முடியாது.

ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி ஆண்டு வருமானம் 3 லட்சம்வரை உள்ள குடும்பத்துக்கு அடமானமில்லாமல் கொடுப்பது நுண்கடன். அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நம் மாதிரிக் குடும்பம் 25,000-இல் 11,780 கட்டுகிறது, 47 சதவீதம். மூன்று வட்டிக் கடன் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது என்பதால் நிறுவனத்தின் கண்ணுக்குத் தெரிவது 10,280 மட்டும். விதிப்படி இவர்களுக்கு இன்னும் 2,220 ரூபாய் டியூ வருமளவுக்குப் புதுக் கடன் கொடுக்கலாம். வாடகையும் டியூவும் போக 8,220 ரூபாயில் சாப்பிட முடியாமல் திணறும் ஒரு வீட்டை, பாதி வருமானம் மிச்சமிருக்கிறது என்று சொல்லும் அளவுகோல் மாற வேண்டும். வாடகையைக் கழித்துவிட்டுப் பாதியைக் கணக்கிடட்டும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். 'மகளிர் குழு லோன்' என்று நம் பெண்கள் சொல்லும்போது இரண்டு வெவ்வேறு விஷயங்களைச் சேர்த்தே சொல்கிறார்கள். ஒன்று, 1989-இல் தருமபுரியில் தொடங்கிய சுய உதவிக் குழு. தாங்களே சேமித்து, அந்தச் சேமிப்பின் பலத்தில் வங்கியில் கடன் வாங்குகிற குழு. ஊரக வாழ்வாதார இயக்கத்தில் உள்ள குழுக்களுக்கு 3 லட்சம் ரூபாய்வரை 7 சதவீத வட்டியில் வங்கிக் கடன் உண்டு. மற்றொன்று, நிதி நிறுவனம் தன் கடனுக்காகவே ஐந்து, பத்துப் பேரைச் சேர்த்து உருவாக்கும் குழு. அங்கே சேமிப்பு கிடையாது, வட்டி 20 சதவீதத்துக்கு மேல். முதல் வகைக் குழு செயலிழந்து கிடக்கும் தெருவில்தான் இரண்டாவது வகை செழிக்கிறது. நகரங்களில், குறிப்பாக வெளியூரிலிருந்து வந்து வாடகைக்கு இருப்பவர்களிடம், முதல் வகை போய்ச் சேரவே இல்லை.

கேரளத்தில் 2018-இல் பாலக்காடு மாவட்டத்தில் 'முற்றத்தெ முல்ல' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். கூட்டுறவு வங்கி, குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழு அமைப்பின் பெண்கள் வழியாக வீட்டு வாசலிலேயே சிறு கடன் கொடுத்து, வாராவாரம் வசூலிக்கும். ஆண்டு வட்டி 12 சதவீதம். வட்டிக்காரரின் வசதியை, அதாவது வாசலுக்கு வருவதையும் வாரத் தவணையையும் எடுத்துக்கொண்டு வட்டியை மட்டும் விட்டுவிட்டார்கள். தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கம் இல்லாத வட்டாரமே இல்லை. கந்துவட்டிக் கடனை மாற்றிக்கொள்வதற்கென்றே இங்கும் ஒரு கடனைத் தொடங்கலாம். 2003-ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் மூன்றாண்டுச் சிறை என்கிறது. மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக 2025-இலும் ஒரு சட்டம் வந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்தது. புகார் கொடுக்கத் துணிவு வர வேண்டும் என்றால் அடுத்த வாரம் பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்விக்கும் பதில் இருக்க வேண்டும்.

கடைசியாக, ஒரு கடன் முடிகிற வாரத்தைப் பற்றி. மிகவும் ஆபத்தான வாரம் அது. ஒழுங்காகக் கட்டி முடித்தவருக்கு அடுத்த கடனைப் பெரிதாக்கித் தருவதற்கு ஆள் தயாராக இருப்பார். முந்தினது 40,000 என்றால் இந்த முறை 70,000. குழுவில் மற்றவர்களும் 'நீ எடுத்தால்தான் எங்களுக்கும் கிடைக்கும்' என்பார்கள். வேண்டாம் என்று சொல்வதைக் கடைசித் தவணைக்கு முன்பே குழுவில் சொல்லிவிட வேண்டும். நிறுவனக் கடன் என்றால் பாக்கியில்லை என்ற கடிதத்தை வாங்குங்கள். வெளிக் கடன் என்றால் பணத்தை நீட்டும் அதே நேரத்தில், சாட்சிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புரோநோட்டையும் வெற்றுக் காசோலையையும் திருப்பி வாங்குங்கள். நாளைக்குத் தருகிறேன் என்றால் பணமும் நாளைக்கே. முடிந்துபோன டியூ 2,100 ரூபாயை அடுத்த சனிக்கிழமையே இருப்பதில் அதிக வட்டியுள்ள கடனோடு சேர்த்துக் கட்டத் தொடங்குங்கள். அந்த மாதம் அம்மா காலையில் சாப்பிட்டாரா என்பதையும் வீட்டில் யாராவது ஒருவர் கேளுங்கள்.